இடது ஓரம்

உங்கள் கண்ணாடியை இனிமேல் கைக்குட்டையால் துடைக்காதீர்கள், சார். காலையிலிருந்து நான்கு முறை பார்த்துவிட்டேன். கைக்குட்டையில் தூசி இருக்கும்; அந்தத் தூசிதான் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதிவிட வேண்டும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? சட்டை நுனியால் தேய்த்துவிட்டு, கீறல் விழுந்ததும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வருவார்கள்.

பேப்பரும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுதுங்க, அவசரமில்ல" என்றீர்கள். கீழே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, என் அத்தான், என் அக்காவின் கணவர், அவரை இன்று வீட்டுக்கு அனுப்ப முடியுமா முடியாதா என்பது நான் எழுதப்போவதில்தான் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். ஏற்கெனவே பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். அதே குற்றத்துக்கு இரண்டாம் முறை என்றால் லேசில் விடமாட்டார்கள். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு யார் மேலும் கோபமில்லை. என் சுபாவமே அப்படி.

லென்ஸைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது புரியும். கேமரா செய்கிற கம்பெனியே தன் கேமராவுக்கு லென்ஸும் செய்யும். அதைக் கடையில் கம்பெனி லென்ஸ் என்போம். அதே கேமராவில் பொருந்துகிற மாதிரி வேறு யாராவது செய்து பாதி விலைக்கும் குறைவாக விற்றால் அது தேர்ட் பார்ட்டி. கண்ணாடி எல்லாம் ஒரே கண்ணாடிதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் இவர்களுக்கு ஒரு விவரமும் கொடுக்கமாட்டார்கள். கேமராவும் லென்ஸும் உள்ளுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை ஒட்டுக்கேட்டுத்தான் இவர்கள் தங்கள் லென்ஸைப் பேசப் பழக்க வேண்டும். மாட்டியதும் கேமரா, நீ யார் என்று கேட்கும். தன் பெயரைச் சொல்கிற லென்ஸும் உண்டு. அதைச் சில கேமராக்கள் சேர்த்துக்கொள்ளாது. அதனால் சில பேர் தங்கள் லென்ஸுக்குக் கம்பெனி லென்ஸ் ஒன்றின் பெயரையே சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேமரா நம்பிவிடும். பிழைக்க வேண்டுமே, பாவம். எடுக்கிற ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் தேதி, நேரம், கேமராவின் நம்பர், லென்ஸின் பெயர் என்று கேமரா ஒரு குறிப்பு எழுதி வைக்கும் அல்லவா, அதில் கம்பெனி லென்ஸின் பெயர்தான் விழும்.

என்னிடம் இருந்தது அந்த ரகம். பழையதாகத்தான் வாங்கினேன். கறுப்பு நிறம், நீளமானது, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும். அதற்கு ஒரு குறை உண்டு. படத்தின் இடது ஓரம் மட்டும் கலங்கலாக வரும். உள்ளே ஒரு கண்ணாடி இம்மி அளவு சாய்ந்திருக்கிறது. பதினொரு முறை பிரித்துச் சேர்த்திருக்கிறேன். ஊரிலுள்ள லென்ஸை எல்லாம் சரி செய்கிற கை, என் லென்ஸை மட்டும் சரி செய்ய முடியவில்லை. என்ன செய்வது, சிலருக்கு அப்படித்தான் வாய்க்கிறது.

அத்தானிடம் இருந்தது அந்தப் பெயருக்கு உரிய அசல் லென்ஸ். வெள்ளை உடம்பு, கைக்குழந்தை கனம். கேமராவைக் கழுத்தில் மாட்டி, லென்ஸுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத்தான் நடப்பார். "பாப்பா பொறந்தப்பகூட இந்த மனுஷன் இப்படித் தூக்கல" என்பாள் அக்கா. எங்கள் கடை மூன்றாவது மாடி. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் அவருடைய ஸ்டூடியோ. பகலில் வேலை இல்லாதபோது மேலே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். அவர் வந்தால் கடை கலகலவென்று ஆகிவிடும். "மாப்ளே, உன் லென்ஸ் ஏன்டா இடது பக்கம் நிக்கிறவங்களை மட்டும் பேயாக்குது? கல்யாணத்துல பொண்ணு இடது பக்கம் நின்னா மாப்பிள்ளை பயந்து ஓடிடுவானே" என்பார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தக் கேலிக்காக நான் எதையும் செய்யவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

ஒரு லென்ஸைப் பிரித்துச் சேர்த்தால் சோதித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. தூரத்தில் அசையாமல் இருக்கும் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு முறையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். அதே பொருள், அதே வெளிச்சம், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் அப்படி ஓர் இலக்கு இருக்கும். எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் தண்ணீர்த் தொட்டியின் ஏணியை வைத்திருந்தார். நான் எதிர்க்கட்டடத்தின் மூன்றாவது மாடி ஜன்னலை வைத்துக்கொண்டேன். ஆறு கம்பிகள், நேர் கம்பிகள். மாலை நாலரை மணிக்கு வெயில் சரியாக அதன் மேல் விழும். அது வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி என்பது உண்மைதான். கம்பிக்கு அது எப்படித் தெரியும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அறைக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். மேஜையை ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். நான் போடச் சொல்லவில்லை. நாலு இருபதுக்குப் பள்ளியிலிருந்து வருவார், முகம் கழுவுவார், நோட்டுகளை அடுக்கிவைத்துத் திருத்த ஆரம்பிப்பார். சிவப்புப் பேனா. அவர் போடுகிற டிக்கின் வால் கடைசியில் முடி மாதிரி மெலிந்து முடியும். அந்த நுனி தெரிந்தால் லென்ஸ் சரி. கம்பியைவிட அது நல்ல சோதனை, தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தப் பையன் பெருக்கலில் தப்பு செய்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியும்.

பிறகு, சோதிக்க லென்ஸ் இல்லாத நாட்களிலும் என் லென்ஸை எடுத்துச் சோதித்தேன். கலங்கல் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மூன்று வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். நீங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள்; அசிங்கமாக ஒன்றாவது இருக்கிறதா? டீச்சர் தலை துவட்டுவார். பேனா மூடியைக் கடிப்பார். பரீட்சை நாட்களில் அந்த நீலச் சட்டை. சிரிப்பு வந்தால் வாயை மூடிக்கொள்ளாமல் சிரிப்பார், தனியாக இருக்கும்போது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. ஒரே ஒரு முறை தெருவில் எதிரே வந்து, "டைம் என்ன சார்?" என்றார். நாலு பத்து என்றேன். "ஐயோ" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு வாரம், டீச்சர் தொடர்ந்து மூன்று நாள் அழுதார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுவார், வைத்துவிட்டும் அழுவார். நோட்டுகள் அப்படியே கிடந்தன. என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மனிதர் கண்ணெதிரே அழும்போது சும்மா இருப்பது எப்படி? இருந்த படங்களில் நல்லதாக முப்பத்தாறு தேர்ந்தெடுத்து ஒரு மெமரி கார்டில் போட்டேன். "அழாதீங்க. நீங்க எவ்வளவு நல்லா இருக்கீங்கன்னு நீங்களே பாருங்க" என்று ஒரு சீட்டு டைப் செய்து கூடவே வைத்தேன். கையால் எழுதவில்லை, என் கையெழுத்து நன்றாக இருக்காது. விடுதியின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் நாலரைக்கு அவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வாய்க்குப் போனது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அதையும் ஒரு படம் எடுத்தேன். பிறகு எழுந்து நின்று ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்தார். எங்கள் ஜன்னலையும் பார்த்தார். அந்த அறைக்கு வந்ததிலிருந்து அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தார். நான் சட்டென்று நகர்ந்ததால் அவர் படத்தின் இடது ஓரத்துக்குப் போய்விட்டார், முகம் கலங்கிவிட்டது. அடுத்த நாள் அந்த ஜன்னலில் கனமான திரை தொங்கியது.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி ஐந்தாவது நாள் கடைக்கு வந்தார். படங்களின் குறிப்பில் இருந்த கேமரா நம்பர் எங்கள் கடைக் கேமராவுடையது. அது சோதனைக்காக அலமாரியில் கிடக்கும். யாருடைய கேமராவாவது ரிப்பேரில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். அத்தான் அடிக்கடி எடுப்பார். அதனால் கேமராவை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. லென்ஸின் பெயரைக் காட்டி, "இது யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

முதலாளி சர்வீஸ் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "இது சாதாரணமா யாரும் வாங்க முடியாத சாமான் சார். இந்த ஏரியாவுல ஒருத்தர்கிட்டதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற ஏதாவது லென்ஸ்ல எடுத்தாலும் இந்தப் பேரு வருமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தேர்ட் பார்ட்டியா? அட போங்க சார். இதோ இவன்கிட்டகூட ஒண்ணு இருக்கு. அதுல எடுத்தா அந்த டப்பா பேருதான் வரும். கம்பெனி பேரு எப்படி வரும்?"

முதலாளி தன் வாழ்நாளில் ஒரு தேர்ட் பார்ட்டி லென்ஸைக் கேமராவில் மாட்டிப் பார்த்ததில்லை. தொட்டால் கை கழுவுகிற ரகம். அவருக்குத் தெரியாது, ஆனால் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. அதிகாரி என்னைப் பார்த்து, "அப்படித்தானே?" என்றார். "முதலாளிக்குத் தெரியாதது எனக்கென்ன சார் தெரியும்" என்றேன். அது பணிவு. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. "உங்ககிட்ட இந்தப் பேருள்ள லென்ஸ் இருக்கா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். என் லென்ஸின் உடம்பில் வேறு பெயர்தான் எழுதியிருக்கிறது, நீங்களே பார்க்கலாம். உள்ளே அது என்ன சொல்லிக்கொள்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அன்று மாலையே அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் டீச்சருடைய பள்ளியின் ஆண்டு விழாவை அவர்தான் படமெடுத்திருந்தார். மேடையில் டீச்சரைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று சொன்னாராம். அவர் யாரிடம்தான் அப்படிச் சொல்லவில்லை? ஆனால் டீச்சருக்கு அது ஞாபகம் இருந்தது, போதாதா.

அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். எல்லாரிடமும் பொறுமையாகப் பேசிப் பழகியவள். அன்று வா என்றுகூடச் சொல்லவில்லை. பாப்பா உள்ளறையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு எனக்கு நேரே உட்கார்ந்தாள்.

"டேய், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. வேற லென்ஸ்ல எடுத்தா இந்தப் பேரு வருமா? உன் லென்ஸ்ல எடுத்தா வருமா? இந்த மனுஷன் பாப்பா மேல சத்தியம் பண்றார்டா. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குத் தெரியாதது இல்ல."

"அதான் முதலாளியே சொல்லிட்டாரேக்கா."

"அவர் கிடக்கிறார். நீ சொல்லு."

"நான் என்னத்தக்கா சொல்ல."

அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், பாப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று. என்னை வளர்த்தவள் அவள். நான் என்ன செய்ய முடியும்? சொன்னால் டீச்சருக்கும் தெரிந்துவிடும். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

வழக்கு நடந்தபோது அத்தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். கெட்டிக்காரர். முப்பத்தாறு படத்திலும் இடது ஓரம் கலங்கியிருக்கிறது, தன் லென்ஸ் ஓரத்துக்கு ஓரம் தெளிவாக இருக்கும், சோதித்துப் பாருங்கள் என்றார். என் லென்ஸ் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை; அதில் எடுத்தால் வேறு பெயர்தான் விழும் என்று முதலாளி சொன்னதை அவரும் நம்பினார். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். கோர்ட்டும் ஒப்புக்கொண்டு, அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு லென்ஸை அனுப்பச் சொன்னது. அங்கீகாரம் பெற்ற சென்டர் எங்கள் கடை. கடிதம் முதலாளி பெயருக்கு வந்தது, கையெழுத்துப் போடப்போவது முதலாளி. மேஜையில் உட்கார்ந்து திருப்புளியைப் பிடிக்கப்போவது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. அக்கா மட்டும் யோசித்தாள். போனில், "உன் கைக்குத்தான் வருதாமேடா. கடவுள் கண்ணைத் தொறந்துட்டார்" என்றாள். மாதக்கணக்கில் அவள் குரலில் அப்படியொரு தெம்பை நான் கேட்டதில்லை.

அரக்கு முத்திரை வைத்த பெட்டி. பதினொரு மணி வாக்கில் பிரித்தேன். கேமராவில் மாட்டி எதிர் ஜன்னலின் கம்பிகளை எடுத்தேன்; திரைக்கு வெளியே கம்பிகள் தெரியுமே. ஆறு கம்பியும் கத்தியால் கீறிய மாதிரி இருந்தன, இடது ஓரம் உட்பட. அழகான லென்ஸ், சார். பொறாமை என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் அத்தான் அன்றே வெளியே வந்திருப்பார். நான் அதைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் இந்த லென்ஸ் இல்லையென்றால் எந்த லென்ஸ் என்று தேடுவார்களே. தேடினால் ஒரு மாடி ஏறினால் போதும். ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு வழி தென்பட்டிருந்தால் நிச்சயம் செய்திருப்பேன்.

பிறகு முன்பக்க வளையத்தைக் கழற்றினேன். இரண்டாவது கண்ணாடியின் இருக்கைக்கு அடியில், ஒரு பக்கம் மட்டும், தலைமுடி தடிமனில் ஒரு பித்தளைத் தகடு வைத்து மூடினேன். என் லென்ஸ் எந்த அளவு சாய்ந்திருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பதினொரு முறை பிரித்தவன் அல்லவா. மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடது ஓரம் கலங்கியது, முப்பத்தாறு படங்களில் உள்ளது போலவே. "சோதனையில் படத்தின் இடது ஓரம் தெளிவின்றிக் காணப்பட்டது" என்று அறிக்கை எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதலாளி வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தேர்ட் பார்ட்டியைக் கம்பெனி லென்ஸ் மாதிரி ஆக்கிக் கொடு என்றுதான் இத்தனை வருடமும் ஆட்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். கம்பெனி லென்ஸைத் தேர்ட் பார்ட்டி மாதிரி ஆக்கியவன் இந்தத் தொழிலில் அநேகமாக நான் ஒருவன்தான்.

தீர்ப்பு வாசித்த அன்று அத்தான் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீ என்ன பண்ணுவ, உள்ளதைத்தானே எழுத முடியும் என்கிற மாதிரி. கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அக்கா அவரைப் போய்ப் பார்க்கவில்லை. "நீயே எழுதிக் கொடுத்ததுக்கப்புறம் நான் யாரை நம்பறது?" என்றாள். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாப்பாவோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள். பாப்பா அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். சில சமயம் சாப்பிடும்போது அக்கா, "நல்ல வேளை, நீயாவது இருக்க" என்பாள். அந்த நேரங்களில் எழுந்து கை கழுவிவிடுவேன்.

தீர்ப்புக்கு ஒன்பதாவது நாள் எதிர் ஜன்னலின் திரை விலகியது. டீச்சர் மேஜையை மறுபடி வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். ஆளைப் பிடித்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. எத்தனை மாதம் இருட்டில் உட்கார்ந்திருந்தாரோ. அந்த நிம்மதி அவருக்குக் கிடைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். நாலரைக்குச் சோதனையை மறுபடி ஆரம்பித்தேன்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு அத்தான் கடைக்கு வந்தார். வெளியே வந்து இரண்டு வாரம் ஆகிறதாம். தலை பாதி நரைத்திருந்தது. கையில் லென்ஸ், கோர்ட்டில் திருப்பிக் கொடுத்தது. அதே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளி அவரைப் பார்த்ததும் வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டார்.

"நாளன்னிக்கு ஒரு சின்ன வேலை கிடைச்சிருக்கு மாப்ளே. தெரியாத ஊர்க்காரங்க, அதான் கூப்பிட்டிருக்காங்க. இடது ஓரம் கலங்குதுன்னு எழுதியிருந்தியே, அதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்" என்றார்.

சரி என்று மேஜை விளக்கைப் போட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை வருஷம் வச்சிருந்தேன், அந்தக் கலங்கல் என் கண்ணுல படவே இல்ல பாரேன். உள்ள உக்காந்து அதைத்தான் யோசிச்சேன். லென்ஸைப் பத்தியே தெரியாத நான், என்னைப் பத்தி என்னத்தைத் தெரிஞ்சு வச்சிருக்கேன்? சில நாள், நிஜமாவே நான்தான் எடுத்துட்டு மறந்துட்டேனோன்னுகூடத் தோணிடுச்சுடா." பிறகு, "பாப்பா உயரமாயிட்டாளா?" என்று கேட்டார்.

"என் தோள் வரைக்கும் வந்துட்டா" என்றேன்.

"நான் வந்தேன்னு அக்காகிட்ட சொல்லாத. கஷ்டப்படுவா."

வளையத்தைக் கழற்றித் தகட்டை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தேன். "அது என்னது?" என்றார். உள்ளே இருந்தது, அத்தான், என்றேன். அதுவும் உண்மைதான். "எங்கேர்ந்து வந்ததோ" என்று விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

மணி நாலரை. சோதிக்காமல் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று முன்பே எழுதியிருக்கிறேன். கடைக் கேமராவில் மாட்டி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்து என் பின்னால் வந்து நின்றார், தன் லென்ஸ் ஆயிற்றே, ஆர்வம். டீச்சர் நோட்டில் குனிந்திருந்தார். ஒரு படம். அவ்வளவுதான், ஒரே ஒரு படம். வெள்ளை லென்ஸ் என்பதால் எங்கள் பக்கத்து நிழலிலும் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் நிமிர்ந்தார். நான் உடனே உள்ளே நகர்ந்துவிட்டேன். ஜன்னலில் நின்றது அத்தானின் முகம்.

ஐந்து நிமிடத்தில் விடுதியின் காவலாளியும் நாலைந்து பேரும் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். நான் கேமராவை மேஜையில் வைத்திருந்தேன். அது அத்தானுக்குப் பக்கமாக இருந்தது. "அதே ஆள்தான், வெளிய வந்ததும் வேலையைக் காட்டிட்டான்" என்று சட்டையைப் பிடித்தார்கள். யாரோ அறைந்தார்கள். அத்தான் என்னைப் பார்த்து, "மாப்ளே, சொல்லேன்டா, நீதானே டெஸ்ட் பண்ணே" என்றார். அவர்கள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் கேட்கவில்லை, அத்தான்தான் கேட்டார். இழுத்துக்கொண்டு போனபோது அவருடைய ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கடைக்குள் வைத்திருக்கிறேன்.

அந்தத் தகட்டைப் பற்றி அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இன்று காலை நீங்கள் கடைக்கு வந்து, என் லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்து, கேமராவில் மாட்டி, சும்மா சுவரை ஒரு படம் எடுத்தீர்கள். அதன் குறிப்பைத் திறந்து, பெயரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை மாதத்தில் போலீஸ், வக்கீல், கோர்ட், முதலாளி, யாருக்கும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. நான் ஒருபோதும் அந்த லென்ஸை ஒளித்து வைக்கவில்லை. அது எல்லார் கண்ணிலும் படும்படி அலமாரியில்தான் இருந்தது.

நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதிவிடுகிறேன். படங்களை எல்லாம் எடுத்தவன் நான். கார்டை அனுப்பியவன் நான். தகட்டை வைத்தவனும் எடுத்தவனும் நான். அத்தான் எதுவும் செய்யவில்லை. நேற்றைய படத்தை எடுத்ததும் நான்தான், ஆனால் அது மட்டும் உண்மையிலேயே அவருடைய லென்ஸில் எடுத்தது. பெரிதாக்கிப் பாருங்கள், இடது ஓரம் சரியாகிவிட்டது. அவரிடம் சொல்லுங்கள், நாளைய வேலைக்கு லென்ஸ் தயார்.

அக்கா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பது கதவு திறக்கும்போதெல்லாம் தெரிகிறது. மடியில் ஒரு பை. மாற்றுச் சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும் இருக்கும் போல. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. யாருக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டால், நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று சொல்லுங்கள், சார். அன்று மட்டும் அவள் கொஞ்சம் சரியாகக் கேட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேன்.